பதினாறு முடிந்ததா என்று மட்டும் கேளுங்கள்

தரவுப் பாதுகாப்பு அதிகாரசபையின் தலைவருக்கும் பணிப்பாளர் சபையினருக்கும்,
பிரதி: டிஜிட்டல் பொருளாதார அமைச்சு, ஆட்பதிவுத் திணைக்களம்

மதிப்புக்குரியீர்,

16 வயதுக்குக் குறைந்தவர்கள் சமூக ஊடகக் கணக்கு வைத்திருப்பதை அவுஸ்திரேலியா 2025 டிசெம்பர் 10 முதல் தடுத்திருக்கிறது. அதே ஆண்டு ஜூலை 25 முதல் ஆபாசத் தளங்களில் வயதுச் சோதனையைப் பிரித்தானியா கட்டாயமாக்கியது. இந்தப் பேச்சு இலங்கையிலும் பெற்றோர் கூட்டம் வரை வந்துவிட்டது. எல்லை 13 ஆக இருக்க வேண்டுமா, 16 ஆக இருக்க வேண்டுமா என்பதைப் பற்றி இந்த மடலில் நாங்கள் வாதாடப் போவதில்லை. அது பெற்றோரும் ஆசிரியரும் பாராளுமன்றமும் பேசித் தீர்க்க வேண்டிய விடயம். எங்கள் கவலை அதற்கு அடுத்த படியைப் பற்றியது: எல்லை எதுவானாலும் அதை எப்படிச் சோதிப்பது? ஒழுங்குவிதியில் 'வயதை உறுதிப்படுத்த வேண்டும்' என்று எழுத வேண்டிய இடத்தில் 'அடையாளத்தை உறுதிப்படுத்த வேண்டும்' என்று ஒரு சொல் மாறி விழுந்தால், அதன் விளைவு எங்கள் திருகோணமலை மாவட்டத்தில் எப்படி இருக்கும் என்பதை முதலில் சொல்கிறோம்.

உட்துறைமுக வீதியிலோ கிண்ணியாவிலோ மூதூர் இறங்குதுறைப் பக்கத்திலோ உள்ள ஏதாவது ஒரு கொமினிக்கேஷன் கடையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு செயலி 'உங்கள் அடையாள அட்டையைப் படமெடுத்து அனுப்புங்கள்' என்று கேட்கிறது. லமினேட் செய்த அட்டை போன் கமெராவில் பளபளக்கும். 'படம் தெளிவில்லை' என்று மூன்று முறை திரும்பி வந்தால் ஆள் கடைக்குத்தான் போவார். கடைக்காரர் அட்டையின் இரு பக்கத்தையும் ஸ்கேன் செய்வார். கோப்பு கணினியின் டவுன்லோட்ஸ் கோப்புறையில் விழும். கடையின் வட்ஸ்அப்பில் ஒரு பிரதி, வாடிக்கையாளரின் போனில் ஒரு பிரதி. போட்டோக்கொப்பி இயந்திரத்துக்குள் வன்தட்டு இருந்தால் அதிலும் ஒன்று. மாலையில் கடை பூட்டும்போது அன்று வந்த அட்டைகள் எல்லாம் நாளும் நேரமும் பெயராகப் பெற்று அந்தக் கோப்புறையில் வரிசையாகக் கிடக்கும். கடைக்காரரில் பிழை சொல்ல ஒன்றுமில்லை. அழிக்கும்படி அவருக்கு ஒருவரும் சொன்னதில்லை, அழித்தாலும் கடைப் போன் தானாக இணையத்தில் ஏற்றிவைத்த பிரதி மிஞ்சியிருக்கும். இத்தனையும் அட்டைப் படம் அந்தச் செயலிக்குப் போய்ச் சேர்வதற்கு முன்பே நடந்துவிடும்.

போய்ச் சேர்ந்த பிறகு என்ன ஆகும் என்பதற்கு 2025 ஒக்டோபரில் வெளிவந்த செய்தியே போதும். டிஸ்கோர்ட் என்ற உரையாடல் செயலியின் நிறுவனம் வயது தொடர்பான முறையீடுகளைப் பார்க்க வெளி நிறுவனம் ஒன்றின் சேவையைப் பயன்படுத்தியது. அந்த வழியாகச் சுமார் 70,000 பேரின் அரசாங்க அடையாள ஆவணப் படங்கள் வெளியே போயிருக்கலாம் என்று டிஸ்கோர்ட்டே அறிவித்தது. கசிந்தது முறையீட்டுப் பகுதியில் என்பதைக் கவனியுங்கள். வயது குறைந்தவர் என்ற முடிவை எதிர்த்து 'நான் பெரியவன்தான்' என்று நிரூபிக்க வந்தவர்கள் கொடுத்த ஆவணங்கள் அவை. பிரதான வாசலில் பூட்டுப் போட்டுவிட்டுக் குசினிக் கதவைத் திறந்து வைப்பது என்பது இதைத்தான். முறையீடு பற்றிப் பிறகு மீண்டும் பேசுகிறோம்.

படம் வேண்டாம், இலக்கத்தை மட்டும் கேட்போமே என்று அடுத்ததாக ஒரு யோசனை வரும். எமது அடையாள அட்டை இலக்கம் வெறும் தொடர் இலக்கம் அல்ல என்பது உங்களுக்குத் தெரியும். புதிய 12 இலக்க முறையில் முதல் நான்கும் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்ணென்றால் அந்த நாளோடு 500 கூட்டப்படும். பிறகு நான்கு இலக்கம் வரிசை எண், கடைசி ஒன்று சரிபார்ப்பு இலக்கம். ஆகவே 2010714 என்று தொடங்கும் இலக்கத்தைப் பார்த்தவுடன் 2010 ஓகஸ்ட் 1 இல் பிறந்த பெண் என்று சொல்லிவிடலாம். (பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள் வைத்துத்தான் எண்ண வேண்டும், மார்ச் 1 எல்லா ஆண்டிலும் 61ஆவது நாள். இதை அறியாத மென்பொருளாளர்கள் சாதாரண நாட்காட்டிக் கணக்கில் போட்டு, லீப் அல்லாத ஆண்டில் பெப்ரவரிக்குப் பிறகு பிறந்த எல்லோருக்கும் பிறந்தநாளை ஒரு நாள் தள்ளிப் போடுகிறார்கள். பிறந்தநாள் அன்றைக்கே சோதனைக்கு வரும் பிள்ளைக்கு அந்த ஒரு நாள் பெரிது.)

இலக்கம் வயதைச் சொல்லும் என்பது உண்மை. அதைத் தட்டச்சுச் செய்தவரின் வயதுதானா அது என்பதை அது சொல்லாது. அப்பாவின் இலக்கத்தை மனப்பாடமாக வைத்திராத பிள்ளை எங்கே இருக்கிறது? பாடசாலைப் படிவம் முழுக்க அதுதானே. இலக்கத்தை மட்டும் கேட்டால் பிள்ளைகள் உள்ளே போவார்கள், பெரியவர்களின் இலக்கங்கள் தளங்களின் கையில் சேரும். இரண்டு பக்கமும் நட்டம்.

'இலக்கத்தை அப்படியே வைக்க மாட்டோம், ஹாஷ் செய்துதான் வைப்போம்' என்று நிறுவனங்கள் உங்களிடம் வந்து சொல்லும். ஹாஷ் என்பது இலக்கத்தை, நேரடியாகத் திருப்பி எடுக்க முடியாத வேறொரு நீண்ட குறியீடாக மாற்றும் கணக்கு. தயவுசெய்து இந்த இடத்தில் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 80 பிறந்த ஆண்டுகள், ஆணும் பெண்ணுமாக 732 நாள் எண்கள், பழைய 9 இலக்க முறையில் மூன்று இலக்க வரிசை எண்ணும் ஒரு சரிபார்ப்பு இலக்கமும். பெருக்கினால் 58 கோடியே 56 இலட்சம். புதிய முறையில் அதன் பத்து மடங்கு, 585 கோடிச் சொச்சம். கணினி விளையாட்டுக்காக விற்கும் நல்ல வரைகலை அட்டை ஒன்று எஸ்எச்ஏ-256 என்ற பரவலான வகை ஹாஷ்களை விநாடிக்குப் பல நூறு கோடி போடும். நாட்டில் இருக்கக்கூடிய எல்லா இலக்கங்களையும் ஹாஷ் செய்து, களவெடுத்த பட்டியலோடு ஒப்பிட்டு, யார் யார் என்று கண்டுபிடிக்கத் தேநீர் ஆறும் நேரம் கூட வேண்டாம். இரகசியச் சாவியொன்றைச் சேர்த்து ஹாஷ் செய்தால் வெளியாளுக்குக் கடினம்; அந்தச் சாவியை வைத்திருக்கும் நிறுவனத்துக்கும் அதன் ஊழியருக்கும் அப்போதும் திறந்த புத்தகம்தான். ஆகவே ஹாஷ் செய்த அடையாள அட்டை இலக்கமும் தனிப்பட்ட தரவே என்று உங்கள் வழிகாட்டலில் வெளிப்படையாக எழுதிவைக்க வேண்டும்.

இன்னொரு சிக்கல், 15 வயது பூர்த்தியாகாதவருக்கு அடையாள அட்டையே இல்லை. சாதாரண தரப் பரீட்சையை ஒட்டி அதிபர் ஊடாக விண்ணப்பித்துத்தான் பெரும்பாலான பிள்ளைகள் முதல் அட்டையை எடுக்கிறார்கள். பெரும்பாலான சமூக ஊடகங்கள் தாமே வைத்திருக்கும் எல்லை 13; அது 1998ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டமொன்றிலிருந்து வந்தது. 13க்கும் 15க்கும் இடைப்பட்ட பிள்ளையிடம் ஆவணம் கேட்டால் அது கொண்டுவரக்கூடியது பிறப்புச் சான்றிதழ். பழைய படிவத்தில் வழங்கிய சான்றிதழ்களில் பெற்றோரின் இனமும், பெற்றோர் மணமானவர்களா என்ற நிரலும் உண்டு. வயதைத் தெரிந்துகொள்ள ஒரு பிள்ளையின் இனத்தையும் தாய் தகப்பனின் திருமண விபரத்தையும் வெளிநாட்டு நிறுவனமொன்றின் கையில் கொடுப்பதா?

மூன்று இனத்தவரும் கலந்து வாழும் மாவட்டம் இது. சோதனைச் சாவடிகளில் அட்டையை எடுத்து நீட்டிய காலத்தையும், வீட்டில் இருப்போரின் பெயர்ப்பட்டியல் எழுதிக் கொடுத்த காலத்தையும் நேரில் கண்டவர்களில் பலர் இன்னும் ஐம்பது வயதைக் கூடத் தாண்டவில்லை. யார் எதைப் படித்தார், எந்தக் காணொளியைப் பார்த்தார் என்பதோடு அடையாள அட்டை இலக்கம் பக்கத்தில் நிற்கும் ஒரு பட்டியல் எங்காவது உருவாகிறது என்றால், அது நல்ல எண்ணத்தோடு தொடங்கினாலும் இங்குள்ளவர்கள் அதை நம்பமாட்டார்கள். அந்த அவநம்பிக்கையை அறியாமை என்று தள்ளிவிடாதீர்கள்.

தொலைபேசி இலக்கத்தை வைத்துச் சோதிக்கலாம் என்பவர்களுக்கு ஒரு வரி: சிம் அட்டை பதிவானவரின் வயதைத்தான் நிறுவனம் அறியும். தகப்பன் கட்டாரில், சிம் அம்மம்மாவின் பெயரில், போன் பேரனின் கையில் என்றால், சோதனை அம்மம்மாவின் வயதைச் சொல்லும். கடன் அட்டை இங்கே அதைவிடச் சரிவராது.

முகத்தைப் பார்த்து வயதைக் கணிக்கும் மென்பொருள் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் விற்பனைப் பிரதிநிதிகள் அதிகம் கொண்டுவரப் போவது இதைத்தான். அமெரிக்காவின் தேசிய நியமங்கள் தொழினுட்ப நிறுவனமான நிஸ்ட் 2024 மே மாதம் இத்தகைய ஆறு மென்பொருள்களைச் சோதித்து அறிக்கை வெளியிட்டது. விசா விண்ணப்பப் படங்களில், 2014இல் 4.3 ஆண்டாக இருந்த சராசரிப் பிழை 3.1 ஆண்டாகக் குறைந்திருந்தது. முன்னேற்றம்தான். ஆனால் அவை நல்ல வெளிச்சத்தில் நேராக எடுத்த படங்கள். பெண் முகங்களில் பிழை ஏறத்தாழ எப்போதும் கூடுதலாக இருந்தது. பிறந்த நாட்டைப் பொறுத்தும் மாறியது. இதை 16 என்ற எல்லையில் வைத்துப் பாருங்கள். சராசரியே மூன்று ஆண்டு என்றால் 13 வயதுப் பிள்ளை 16 ஆகத் தெரிவதும், 19 வயதுப் பெண் 16க்குக் குறைவாகத் தெரிவதும் அபூர்வமல்ல. வெயில் முற்றத்தில் பாதி முகம் நிழலில் விழுந்த, விலை குறைந்த போனின் முன்கமெராப் படத்தில் இன்னும் மோசமாகும். முக அசைவைக் கேட்டுத்தான் சோதிக்கிறோம் என்பார்கள். பிரித்தானியாவில் சோதனை தொடங்கிய வாரத்திலேயே கணினி விளையாட்டுக் கதாபாத்திரமொன்றின் முகத்தைத் திரையில் காட்டி அசைத்துப் பையன்கள் உள்ளே போனார்கள்.

முகக் கணிப்பைத் தடைசெய்யச் சொல்லவில்லை. அது ஒரு வேலைக்கு உதவும்: தெளிவாகப் பெரியவர்களை ஆவணம் கேட்காமல் விடுவது. எல்லை 18 என்றால் 25க்கு மேல் என்று கணித்தவர்களை மட்டும் விட்டுவிட்டு, மற்றவர்களுக்கு வேறு வழி காட்டலாம். அதிலும் ஒரு நிபந்தனை, கணிப்பு போனுக்குள்ளேயே நடக்க வேண்டும். படமோ முக அளவைகளோ வெளியே போகக் கூடாது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவரை இனங்காணும் உயிரளவைத் தரவையும் பிள்ளைகள் பற்றிய தரவையும் விசேட வகைக்குள் வைத்திருக்கிறது. பிள்ளையின் முகம் இரண்டும் சேர்ந்தது.

இனி, எது சரிவரும் என்று சொல்கிறோம்.

மதுக்கடையில் வயதைப் பார்ப்பவருக்குத் தேவை ஒரே விடை: 21 ஆகிவிட்டதா, இல்லையா. பெயர் தேவையில்லை, பிறந்த திகதி தேவையில்லை. இணையத்தில் அதையே செய்ய வழி இருக்கிறது, அது புதிதும் அல்ல. ஆட்பதிவுத் திணைக்களத்திடம் ஏற்கெனவே எங்கள் பிறந்த திகதி இருக்கிறது. அங்கே ஒருமுறை சோதித்து, போனுக்குள் ஒரு சான்றை வழங்கினால் போதும். அந்தச் சான்றில் '13 பூர்த்தி: ஆம்', '16 பூர்த்தி: ஆம்', '18 பூர்த்தி: இல்லை' என்பவை தவிர வேறெதுவும் இருக்காது, திணைக்களத்தின் டிஜிட்டல் கையொப்பம் மட்டும் கூட இருக்கும். கைத்தொலைபேசிச் சாரதி அனுமதிப்பத்திரத்துக்கான ஐஎஸ்ஓ 18013-5 நியமத்தில் இப்படி 'இத்தனை வயதுக்கு மேல்' என்ற புலம் 2021 முதல் இருக்கிறது. தளம் கேட்கும்போது போன் அந்த ஒரு புலத்தை மட்டும் காட்டும். தளம் திணைக்களத்தின் பகிரங்கச் சாவியை (கையொப்பத்தை எவரும் சோதிப்பதற்காகத் திணைக்களம் வெளியிடும் எண்) வைத்துக் கையொப்பத்தைச் சரிபார்க்கும், 'ஆம்' என்று குறித்துக்கொள்ளும், மிச்சத்தை எறியும்.

கேட்க எளிது. ஆனால் இதே வடிவத்தைக் கவனமின்றிக் கட்டினால் அடையாள அட்டைப் படத்தைவிடக் கெட்ட கண்காணிப்புக் கருவியாகிவிடும். எங்கெங்கே பிழைக்கும் என்பதை ஒவ்வொன்றாகச் சொல்கிறோம். கேள்விப்பத்திரம் கோரும்போது இவற்றை நிபந்தனையாகப் போடலாம்.

முதலாவது, தளம் ஒவ்வொரு முறையும் திணைக்களத்தின் சேவையகத்தைத் தொட்டு 'இந்தச் சான்று செல்லுமா' என்று கேட்கும் வடிவம். கேட்ட கணமே, யார் எந்த நேரத்தில் எந்தத் தளத்துக்குப் போனார் என்ற குறிப்பேடு திணைக்களத்தில் எழுதப்பட்டுவிடும். எமது தனித்துவ டிஜிட்டல் அடையாளத் திட்டம் மொசிப் என்ற திறந்த மூலத் தளத்தின் மீது கட்டப்படுகிறது. அதில் மையச் சேவையகத்தைக் கேட்டு அங்கீகரிக்கும் வசதியும் உண்டு, போனில் சான்றை வைத்துக் காட்டும் டிஜிட்டல் பணப்பையும் உண்டு. வங்கிக்கு முதலாவது பொருந்தலாம். வயதுக்கு இரண்டாவதை மட்டுமே அனுமதியுங்கள். சான்று தொலைந்தால், களவு போனால் என்ன செய்வது என்று கேட்பார்கள். சான்றின் ஆயுளைக் குறைத்துவிடுங்கள். ஒரு மாதத்தில் தானாகக் காலாவதியாகும் சான்றை இரத்துச் செய்யப் பெரிய ஏற்பாடு வேண்டியதில்லை.

இரண்டாவது, ஒரே சான்றைப் பல தளங்களில் காட்டுவது. கையொப்பம் ஒவ்வொரு சான்றுக்கும் தனித்துவமான நீண்ட எண். இரண்டு தளங்கள் தங்கள் பதிவுகளை ஒப்பிட்டால் 'இங்கே வந்தவரும் அங்கே வந்தவரும் ஒருவர்' என்று அறிந்துவிடும். அதனால் சான்றுகளைத் தொகுதியாக, முப்பது முப்பதாக வழங்கி, ஒவ்வொன்றையும் ஒருமுறை மட்டும் பயன்படுத்தச் செய்ய வேண்டும். வழங்கிய நேரத்தை விநாடி வரை எழுதினால் அதுவே கைரேகையாகிவிடும். மாதத்தின் முதல் நாள் என்று எல்லோருக்கும் ஒரே திகதியைப் போடுங்கள்.

மூன்றாவதுதான் கடினமானது. தொகுதியாக வழங்கினாலும், வழங்கிய கையொப்பங்களின் பிரதியைத் திணைக்களம் வைத்திருந்து, தளமும் தன் பதிவைக் கொடுத்தால், இரண்டையும் பொருத்தி ஆளைக் கண்டுபிடிக்கலாம். இன்று யாருக்கும் அந்த நோக்கம் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். நீதிமன்றக் கட்டளையோ ஊடுருவலோ பத்து ஆண்டு கழித்து வரலாம். இதைக் கொள்கையால் தடுக்க முடியாது, கணிதத்தால்தான் தடுக்க முடியும். மறையீட்டியல் ஆய்வாளர் டேவிட் சௌம் 1980களின் தொடக்கத்திலேயே இதற்கு வழி சொன்னார். கடித உறைக்குள் கார்பன் தாளும் அதன் கீழ் வெற்றுத் தாளும் வைத்து ஒட்டி, உறையின் மேல் ஒருவரிடம் கையொப்பம் வாங்குவதைக் கற்பனை செய்யுங்கள். கையொப்பம் உள்ளிருக்கும் தாளில் விழும். கையொப்பமிட்டவர் அந்தத் தாளைப் பார்த்ததே இல்லை. பிறகு அது கையில் வந்தாலும் 'இது என் கையொப்பம்தான்' என்பாரே தவிர, யாருக்கு இட்டது என்று சொல்ல அவரால் முடியாது. இந்தக் கையொப்ப முறையை விவரிக்கும் இணையத் தொழினுட்ப ஆவணம் ஆர்எஃப்சி 9474 என்ற இலக்கத்தில் 2023இல் வெளிவந்தது.

இன்னொரு வழி பூச்சிய அறிவு நிறுவல்: சான்றையே காட்டாமல், 'செல்லுபடியான சான்று ஒன்று என்னிடம் உண்டு, அதில் 18 பூர்த்தி என்று இருக்கிறது' என்பதை மட்டும் கணித ரீதியாக நிறுவுவது. இதற்கான மென்பொருள் நூலகமொன்றைக் கூகுள் 2025 ஜூலையில் திறந்த மூலமாக வெளியிட்டது. ஐரோப்பிய ஆணைக்குழுவும் அதே மாதம் வயதுச் சான்றுச் செயலிக்கான மாதிரியை வெளியிட்டது. டென்மார்க், பிரான்ஸ், கிரேக்கம், இத்தாலி, ஸ்பெயின் ஆகிய நாடுகள் முன்னோடியாகச் சேர்ந்தன. பிரான்ஸின் ஒழுங்குபடுத்துனரான ஆர்கொம் 2024 ஒக்டோபரிலேயே, ஆபாசத் தளங்கள் 'இரட்டை அநாமதேய' வழி ஒன்றையாவது கொடுக்க வேண்டும் என்று நியமம் வகுத்தது. அதாவது, சான்று கொடுப்பவருக்குத் தளம் தெரியாது, தளத்துக்கு ஆள் தெரியாது. இவற்றைப் பார்த்து எழுதலாம்.

சின்னதாகத் தெரிந்து பெரிதாகக் கசிவது பிறந்தநாள். நேற்று 'இல்லை' என்ற பிள்ளை இன்று 'ஆம்' என்றால், தளத்துக்குப் பிறந்த திகதி அப்படியே கிடைத்துவிடும். புதிய சான்று மாதத்தின் முதல் நாளில் மட்டும் கிடைக்கும்படி செய்தால் பிறந்த மாதத்துக்கு மேல் தெரியாது. அதேபோல, ஒரு தளம் 13, 16, 18, 21 நான்கையும் கேட்டால் வயதைக் கிட்டத்தட்டப் பிடித்துவிடும். ஒவ்வொரு தளமும் தனக்குரிய ஓர் எல்லையை உங்களிடம் பதிய வேண்டும். அதைத் தவிர்ந்த கேள்விக்குப் போன் விடை சொல்லக் கூடாது.

பெயரைக் கேட்காததில் எங்களுக்கு இன்னொரு நன்மையும் உண்டு. தமிழர் பெயரில் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லை. தகப்பன் பெயர் முன்னெழுத்தாக நிற்கும். பிறப்புச் சான்றிதழில் ஒரு ஆங்கில எழுத்துக்கூட்டல், அட்டையில் வேறொன்று, பாடசாலைப் பதிவில் மூன்றாவது. கிண்ணியாவில் முகம்மது என்ற ஒரே பெயரை எத்தனை விதமாக எழுதுகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். பெயரைப் பொருத்திப் பார்க்கும் வெளிநாட்டு மென்பொருள்கள் இங்கே வழுக்கி விழும். கையால் எழுதிய பழைய லமினேட் அட்டையின் தமிழையும் சிங்களத்தையும் அவை வாசிக்கப்போவதும் இல்லை. வயதை மட்டும் கேட்டால் இந்தத் தலையிடி முழுவதும் இல்லாமல் போகும்.

நல்ல போன் இல்லாதவர்களுக்கும், போனைக் குடும்பமே பகிர்பவர்களுக்கும் ஒரு மாற்று வேண்டும். ரீலோட் அட்டையைப் போல ஒரு சுரண்டல் அட்டை போதும். தபாலகத்திலோ பிரதேச செயலகத்திலோ உத்தியோகத்தர் அடையாள அட்டையைக் கண்ணால் பார்த்து, எதையும் எழுதாமல், போட்டோக்கொப்பியும் எடுக்காமல், பெட்டியிலிருந்து ஓர் அட்டையைக் கொடுப்பார். சுரண்டினால் 16 இலக்கம். ஒருமுறை பாவித்தால் தீர்ந்தது. ஊகித்துப் போட்டுப் பார்ப்பதைத் தடுக்க, ஒரே இடத்திலிருந்து ஐந்து தவறான முயற்சிக்குப் பின் சிறிது நேரம் பூட்டிவிட வேண்டும். இது பெட்டிக்கடையில் வேண்டாம். சிறிய ஊரில் ஓர் இளம்பெண் கடைக்குப் போய் 'பதினெட்டு அட்டை' என்று கேட்டால் அந்திக்குள் அவளுடைய அண்ணனுக்குச் செய்தி போய்விடும். அட்டையின் வெளியே எந்த எல்லையும் அச்சிடக் கூடாது, எல்லாத் தேவைக்கும் ஒரே தோற்றம் இருக்க வேண்டும்.

ஆவணம் இல்லாதவர்களை மறந்துவிட வேண்டாம். 2004 ஆழிப்பேரலையிலும் 2006இல் சம்பூர், மூதூர் பக்கத்து இடப்பெயர்விலும் பத்திரங்களைத் தொலைத்த குடும்பங்கள் இங்கு உண்டு. உத்தேச வயதுச் சான்றிதழ் பரீட்சைக்கும் அடையாள அட்டைக்கும் ஏற்கப்படுகிறதென்றால் இதற்கும் ஏற்கப்பட வேண்டும்.

முறையீட்டுக்குத் திரும்ப வருகிறோம். 'சோதனை என்னைத் தவறாக மறுத்துவிட்டது' என்று வருபவரிடம் எந்தத் தளமும் மின்னஞ்சலில் ஆவணம் கேட்கக் கூடாது. அவரை அதே தபாலகக் கருமபீடத்துக்கு அனுப்பட்டும். அங்கே ஓர் ஆள் அட்டையைப் பார்த்து முடிவு சொல்வார். மெதுவான வழிதான், ஆனால் களவெடுக்க ஒரு களஞ்சியம் இருக்காது. 'அழித்துவிட்டோம்' என்று நிறுவனங்கள் சொல்லும்போது எதிலிருந்து அழித்தார்கள் என்று கேளுங்கள். பிரதான தரவுத்தளத்தில் அழித்தது காப்புப் பிரதியில் இருக்கும், சேவையகப் பதிவுக் கோப்பில் இருக்கும், வாடிக்கையாளர் உதவிக்கு வைத்திருக்கும் வெளி நிறுவனத்தின் அஞ்சல் இணைப்பில் இருக்கும். வயதுச் சோதனைக்காகச் சேர்த்ததை அந்தத் தேவை முடிந்ததும் அழிக்க வேண்டும் என்றும், அரசாங்க அடையாள ஆவணத்தை ஒரே வழியாக வைக்கக் கூடாது என்றும் அவுஸ்திரேலியச் சட்டத்திலேயே இருக்கிறது. எமது விதியிலும் இவ்விரண்டும் வேண்டும்.

இவ்வளவும் செய்தாலும் அக்கா தன் போனைத் தம்பிக்குத் திறந்து கொடுப்பதை நிறுத்த முடியாது. ஒருமுறைச் சான்றுகளை விற்பவரும் இருப்பார். மாதத்துக்கு முப்பது என்ற வரம்பும் போனின் பாதுகாப்புச் சிப்போடு சான்றைப் பிணைப்பதும் அதைச் சிறு வியாபாரமாகவே வைத்திருக்கும். பிரித்தானியாவில் சட்டம் நடைமுறைக்கு வந்த நாட்களில் செயலிக் கடைகளின் முதல் வரிசைக்கு, எந்த நாட்டிலிருந்து வருகிறோம் என்பதை மறைக்கும் விபிஎன் செயலிகள் ஏறின. இங்கே ஒவ்வொரு முறை சமூக ஊடகம் முடக்கப்பட்டபோதும் அதே பாடத்தை எங்கள் பிள்ளைகள் படித்துவிட்டார்கள். இந்த ஓட்டைகளை அடைக்கவென்று ஒவ்வொரு நுழைவுக்கும் முகத்தைச் சோதிக்கச் சொல்வார்கள், விபிஎன்னைத் தடைசெய்யச் சொல்வார்கள். பத்துப் பிள்ளைகள் ஏமாற்றுவதைத் தடுக்க இலட்சம் பெரியவர்களின் முகத்தைச் சேர்ப்பது எங்கள் கணக்கில் கட்டுப்படியாகாது.

எல்லாத் தளத்துக்கும் இது வேண்டியதுமில்லை. ஆபாசம், சூதாட்டம், மது விற்பனை, முன்பின் தெரியாதவர் பிள்ளைக்குத் தனிச்செய்தி அனுப்பக்கூடிய இடங்கள் ஆகியவற்றோடு நிறுத்துங்கள். செய்தித்தளம், விக்கிப்பீடியா, உடல்நலத் தகவல், கடந்தகால வினாத்தாள்கள் ஆகியவற்றின் வாசலில் யாரும் வயது கேட்கக் கூடாது. மாதவிடாய் பற்றித் தேடும் 14 வயதுப் பெண்பிள்ளைக்கு அந்தப் பக்கம் பூட்டப்பட்டால் அவள் அம்மாவிடம் போவாள் என்று எதிர்பார்ப்பது வீண்.

இறுதியாக நடைமுறைக் கோரிக்கை. விதியின் வரைவை மூன்று மொழியிலும் ஒரே நாளில் வெளியிடுங்கள். தமிழ் வரைவு பிந்தி வந்து கருத்துச் சொல்லும் காலம் முடிந்துபோவது எங்களுக்குப் பழக்கமான ஒன்று. அறுபது நாளாவது அவகாசம் தாருங்கள். வரைவோடு ஓர் அட்டவணை இணைக்கப்பட்டிருக்க வேண்டும்: எந்தத் தரவு, யாரிடம், எத்தனை மணித்தியாலம், எதற்காக. செயலியின் மூல நிரலையும் வெளியிடுங்கள். நாடு முழுவதும் போகுமுன் ஒரு பிரதேச செயலகப் பிரிவில் மூன்று மாதம் ஓட்டிப் பாருங்கள். குச்சவெளி போல, கரையோரத்தில் நீண்டு கிடக்கும், சிக்னல் விட்டு விட்டு வரும் ஒரு பிரிவு நல்லது. கொழும்பில் வேலை செய்த செயலி புல்மோட்டையில் வேலை செய்கிறதா என்று அப்போது தெரியும். அந்த மூன்று மாதம் முடிந்ததும் திணைக்களத்தின் பதிவுகளையும் பங்குபற்றிய தளங்களின் பதிவுகளையும் ஒரு சுயாதீனக் குழுவிடம் முழுமையாகக் கொடுத்து, ஒரு கேள்வி கேளுங்கள்: இவற்றைப் பொருத்தி ஒரே ஒரு ஆளையாவது பெயர் சொல்ல முடிகிறதா? முடிந்தால் வர்த்தமானிக்கு அனுப்பாதீர்கள்.

இப்படிக்கு,
திருகோணமலை மாவட்டத்தில் மென்பொருள், வலையமைப்பு, பாடசாலைத் தகவல் தொழினுட்பக் கல்வி ஆகிய துறைகளில் பணியாற்றுவோர்